எப்படிப் படுத்தே?

காலையில் யாராவது கழுத்தைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தால் எங்கள் ஆயா கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஊதுகுழலை அடுப்போரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். "எப்படிப் படுத்தே? வடக்கே தலை வச்சியா? தலகாணிய மடிச்சு வச்சியா? ஈரத் தலையோட படுத்தியா?" கேள்விகள் முடிவதற்குள் வலிக்கிறவருக்கே தன்மேல் ஒரு குற்ற உணர்வு வந்துவிடும். ஏதோ தப்பாகப் படுத்துவிட்டோம், அதனால்தான் வலிக்கிறது என்று அவரே நம்பத் தொடங்கிவிடுவார்.

நான் சொல்வது 1978ஆம் வருஷம். செஞ்சிக்குத் தெற்கே இருக்கிற அனந்தபுரத்தில், நாட்டு ஓடு வேய்ந்த எங்கள் வீட்டில் அப்போது ஏழு பேர். கயிற்றுக் கட்டில் ஒன்றே ஒன்று; அது தாத்தாவுக்கு. மற்ற எல்லோருக்கும் கோரைப்பாய். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பாய்க்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். புதுப்பாயின் வாசனைக்காகவே நானும் தம்பியும் அன்று சீக்கிரம் படுத்துவிடுவோம். இலவம்பஞ்சுத் தலகாணி நான்கு இருந்தது. ஏழு பேருக்கு நான்கு என்றால் யாருக்குக் கிடைக்காது என்று சொல்லத் தேவையில்லை. அம்மா பழைய புடவை ஒன்றைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அம்மாவுக்கு வலது தோளில் வலி வந்தது. அவளுக்கு அப்போது 46 வயது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் முனகிக்கொண்டு எழுந்து உட்காருவாள். விடியும்போது கை தூக்க வராது. "ராத்திரியெல்லாம் யாரோ ஒடம்ப முறுக்கிப் போட்டாப்பல இருக்கு" என்பாள். "எப்படிப் படுத்தே?" என்று ஆயா கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் தாம்புக்கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள்.

நாலரை மணிக்குச் சகடையின் சத்தம் கேட்டால் அம்மா எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். ஆட்களுக்கும் மாட்டுக்குமாகத் தண்ணீர் இறைத்து, இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று கொண்டுவந்து தொட்டியை நிரப்புவாள். பிறகு ஆட்டுக்கல். அதன்பின் வயல். எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது வாய்வழியில் தேய்ந்து மல்லாட்டையானது. மல்லாட்டை பிடுங்குகிற நாளில் குனிந்த முதுகு நிமிராமல் செடியை இழுத்து, மண் உதறி, பொழுது சாய்ந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போக வேண்டும். விதைக்கு உடைக்கிற நாட்களில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் ஒவ்வொரு காயாக உடைப்பாள். தலையில் சுமந்த பாரம் கழுத்தில் இறங்கும்; இழுத்த கயிறு தோளில் இறங்கும். இத்தனையும் செய்த தோள் காலையில் வலித்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் பாயைத்தான் பார்த்தோம்.

வைத்தியம் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் இருந்த அன்பெல்லாம் வைத்தியமாகத்தான் வந்தது. முதலில் தலகாணியை வெயிலில் போட்டார்கள். அம்மாவுக்குத் தலகாணியே இல்லை என்பது அப்போதுதான் ஆயாவுக்கு உறைத்தது. தன்னுடையதைக் கொடுத்தாள். பிறகு நொச்சித் தழையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம். அடுத்த வாரம் உப்பு ஒத்தடம். சின்ன மஞ்சள் டப்பியிலிருந்து அமிர்தாஞ்சனம் தேய்த்துவிட அத்தை வந்தாள். காலோடு பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விடும் என்று சொல்லி, எதிர்வீட்டுப் பையனைக் கூட்டிவந்து முதுகில் மெதுவாக மிதிக்கச் சொன்னார்கள். ஒருநாள் உலக்கையைத் தோளில் வைத்து உருவினார்கள். அன்று இரவு முழுக்க அம்மா திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். படுக்கவே இல்லை.

எனக்குக் கிடைத்த வேலை அம்மாவின் தலை. பின்னால் கையைக் கொண்டுபோக முடியாததால் அவளால் கொண்டை போட முடியவில்லை. காலையில் கிணற்றிலிருந்து வந்ததும் வாசற்படியில் உட்காருவாள். நான் பின்னால் மேல்படியில் உட்கார்ந்து சீவி, முறுக்கி, கொண்டை போட்டுவிடுவேன். அப்போது எனக்குப் பத்தாம் வகுப்பு. பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சீவுவேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு வரியை விட்டுவிட்டால் "நேத்து வேற மாதிரி சொன்னியே" என்பாள். போகிற வருகிறவர்கள் "மகராணி மாதிரி மகள விட்டுச் சீவிக்கிறியே" என்றார்கள். அம்மா சிரித்துக்கொள்வாள். எனக்கும் அது ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாளும் நான், "ஏம்மா, ஒன்னால ஏன் முடியல?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் காலை, நான் சீப்போடு வாசலுக்கு வந்தபோது அம்மா தானே கொண்டை போட்டு முடித்துவிட்டிருந்தாள். கொஞ்சம் தளர்வாக, ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதால் சரியானது என்றாள் ஆயா. அத்தை, நொச்சிதான் என்றாள். எதிர்வீட்டுப் பையன் பல நாள் தன் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அத்தோடு அந்த வலியை எல்லோரும் மறந்துவிட்டோம். அம்மாவின் கை முழுக்க மேலே போகவில்லை என்பதையும், பரணில் இருக்கிற பானையை எடுக்க அதன்பிறகு எப்போதும் என்னையே கூப்பிட்டாள் என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது எனக்கு 62 வயது. செஞ்சி வட்டாரப் பள்ளிகளில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். அதே அனந்தபுரத்தில், ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய தளம் போட்ட வீடு. கட்டில் தேக்கு. தலகாணி எனக்கு மட்டும் இரண்டு. குழாயைத் திறந்தால் தண்ணீர். மாவரைக்கக் கிரைண்டர். தாம்புக்கயிறு இழுத்து நாற்பது வருஷமாகிறது.

2024 பொங்கலுக்குப் பிறகு எனக்கு வலது தோளில் வலி தொடங்கியது. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் அந்தப் பக்கம் திரும்பினால் தூக்கம் கலைந்துவிடும். காலையில் தோளிலிருந்து முழங்கை வரை ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் கனக்கும். சென்னையில் இருக்கும் மகளுக்கு போனில் சொன்னேன். அவள் கேட்டாள்: "எப்படிம்மா படுத்தே?"

ஆயாவைப் பார்த்தே இராத குழந்தை அவள். ஆனாலும் அதே கேள்வி, அதே அக்கறை. இந்த முறை குற்றவாளி மெத்தை. ஒரு வாரத்தில் புது மெத்தை வீட்டுக்கு வந்தது. மெமரி ஃபோம் என்றார்கள். 1966இல் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கையில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று உருவான நுரைப்பஞ்சு அது. நல்ல பொருள்தான். 32,000 ரூபாய். மகள் தன் சம்பளத்தில் தவணை கட்டினாள். மாப்பிள்ளை கழுத்துக்கு வளைந்த தலகாணி அனுப்பினார். மகன் சூடேற்றும் மின்சாரப் பட்டை வாங்கிவந்தான். தம்பி மனைவி, "மெத்தையே ஆகாது அண்ணி, தரையில படுங்க" என்றாள். தரையிலும் ஒரு வாரம் படுத்தேன். எழுந்திருக்கக் கை ஊன்ற முடியாமல் புரண்டு, சுவரைப் பிடித்து எழுந்தேன்.

தரைதான் நல்லது என்கிற நம்பிக்கை எங்கள் ஊர்ப் பக்கம் ஆழமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டோ என்று நினைப்பேன். செஞ்சியைச் சுற்றிய குன்றுகளில் சமணத் துறவிகள் கல்லிலேயே படுத்திருக்கிறார்கள். தொண்டூரில் பாறையில் வெட்டிய படுக்கைகளும், அவற்றைச் செய்து கொடுத்ததைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கிய பாறைக்குப் பக்கத்தில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக வெட்டிய எழுத்து இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கெல்லாம் கூட்டிப்போயிருக்கிறேன். கல்படுக்கையில் படுத்துப் பார்க்காத பிள்ளை கிடையாது. "டீச்சர், இவங்களுக்கு முதுகு வலிக்காதா?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒருவராவது கேட்பார்கள். வலியைத் தாங்குவதே அவர்கள் ஏற்றுக்கொண்ட வழி என்று சொல்லுவேன். அவர்கள் கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மாவுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்கவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது இப்போது எனக்குக் குறையாகத் தோன்றுகிறது.

கல்தான் உடம்புக்கு நல்லது என்பதும் அப்படியே ஏற்கத்தக்கது இல்லை. ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. படுக்கைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்புகிற உயரத்தில் தலகாணி வேண்டும். மல்லாந்து படுப்பவருக்குத் தாழ்ந்தது போதும். குப்புறப் படுத்தால் இரவு முழுக்கக் கழுத்து ஒருபக்கம் முறுகிக் கிடக்கும். நடுவில் குழி விழுந்த மெத்தை முதுகை வளைக்கும். இவற்றால் வருகிற வலி, படுக்கையைச் சரிசெய்தால் சில நாளில் விட்டுவிடும். எனக்கு விடவில்லை.

2024 ஆனி மாதத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம். அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வந்து போனாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரியும். இயன்முறை சிகிச்சையும் அதில் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வந்த பெண்ணுக்கு என் மகளைவிடச் சின்ன வயசு. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, நான் சொம்பை இடது கையால் நீட்டியதைப் பார்த்தாள்.

"ஏம்மா, வலது கைக்கு என்ன?"

சொன்னேன். எப்படிப் படுத்தீர்கள் என்று கேட்பாள் என எதிர்பார்த்து, மெத்தை, தலகாணி, தரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"என்ன செய்ய முடியலம்மா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவளே ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதுகு தேய்த்துக் குளிக்க முடிகிறதா, மேல் அலமாரியில் டப்பா எடுக்க முடிகிறதா, தலை வார முடிகிறதா.

"கொண்டை போட முடியுதாம்மா?"

அப்போதுதான் உணர்ந்தேன். ஐந்து மாதமாக நான் கொண்டையே போடவில்லை. ஒரு பெரிய கிளிப்பை இடது கையால் மாட்டிக்கொண்டிருந்தேன். கை தானாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. எனக்குத் தெரியாமலேயே நான் அம்மாவின் வாசற்படிக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

அந்தப் பெண் என் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. "நீங்க தூக்கினாலும் வரல, நான் திருப்பினாலும் வரல. தசைநார் மட்டும் கிழிஞ்சிருந்தா பெரும்பாலும் நான் தூக்கினா வரும். இது மூட்டோட உறை இறுகியிருக்கிற மாதிரி தெரியுது. டாக்டரப் பாத்து உறுதி பண்ணிக்கங்க. எக்ஸ்ரே எடுங்க. அதுக்கு முன்னாடி சர்க்கரை பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பார்த்தோம். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்கிறார்கள். எனக்கு 162.

டாக்டர் பெயர் சொன்னார்: ஃப்ரோசன் ஷோல்டர், உறைந்த தோள். தோள்மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்கு வசதியாகத் தளர்வாக இருக்கும். அது வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. முதல் சில மாதம் வலி மிகுதி, அதிலும் இரவில். பிறகு வலி குறைந்து இறுக்கம் மிஞ்சும். அதற்குப் பிறகு மெல்லத் தளரும். எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகும். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் கடைசிவரை நிற்கும். 40 முதல் 60 வயதுவரைதான் அதிகம் வரும். பெண்களுக்குக் கூடுதலாக வரும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு வரும். ஜப்பானில் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்று அழைக்கிறார்கள். ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயர் 1934இல் எர்னஸ்ட் காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்தது. அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது.

அவர் சொல்லச் சொல்ல நான் வேறொரு தோளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் இரவு வலி, பிறகு தூக்க வராத கை, ஒன்றரை வருஷம் கழித்துத் தானாகத் தளர்ந்தது, கடைசிவரை பரணுக்கு எட்டாமல் போனது. நொச்சியும் உப்பும் அவளுக்கு இதமாக இருந்திருக்கும். சூடு வலியைத் தணிக்கும், எனக்கும் தணித்தது. ஆனால் உலக்கை வீங்கிய உறையை மேலும் நசுக்கியிருக்கும். அன்று இரவு முழுக்க அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அர்த்தம் எனக்கு 46 வருஷம் கழித்துக் கிடைத்தது.

சர்க்கரைக் கதையும் அப்படித்தான். 1991இல் அம்மாவின் காலில் முள் குத்திய புண் ஆறாமல் கிடந்தபோதுதான் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ தெரியாது என்றார்கள். தோள் அன்றே சொல்லியிருக்கலாம். இரவில் நாலைந்து முறை அவள் கொல்லைக்குப் போனதும், போன இடத்தில் எறும்பு மொய்த்ததும் ஆயா கண்ணில் பட்டிருந்தது. "வெயில் காலம், எறும்பு வருது" என்று சாம்பல் தூவினாள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. அத்தனை பேரில் எத்தனை பேரின் தோளைப் பாயும் மெத்தையும் மறைத்துக்கொண்டிருக்கின்றனவோ என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அதன்பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். மருத்துவமனையில் காத்திருக்கிற நேரத்தில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், யார் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கேட்டேன். டாக்டரிடமும் அந்தப் பெண்ணிடமும் சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலை வலி ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் அதன் வேர் வேறு.

இன்று புதிதாகப் பாரம் தூக்கினால் நாளையும் மறுநாளும்தான் தசை நன்றாக வலிக்கும்; அது தானே போகும். தலையின் எடை சுமார் 5 கிலோ. போனுக்கும் கணினிக்கும் முன்னால் அதை நாளெல்லாம் குனிந்து தாங்குகிற கழுத்து, அசையாமல் கிடந்த இரவுக்குப் பிறகு காலையில் விறைத்திருக்கும். முதுகெலும்பின் வட்டுகள் இரவில் தண்ணீரை உறிஞ்சி உப்புவதால் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டராவது உயரமாக எழுந்திருக்கிறோம். அதனாலேயே எழுந்த உடனே குனிந்து குடம் தூக்குவது முதுகுக்கு ஆகாது. அம்மா வாழ்நாளெல்லாம் எழுந்த உடனே செய்தது அதைத்தான்.

விரல் மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். இருபது, முப்பது வயதுப் பையன் முதுகு விறைத்து எழுந்து, ஓய்வெடுத்தால் கூடி, நடந்தால் குறைகிறது என்றால் முதுகெலும்பு மூட்டழற்சியா என்று பார்க்க வேண்டும். அதை "வேலை வெட்டி இல்லாம தூங்கினா இப்படித்தான்" என்று திட்டித் தள்ளிவிடுகிறோம். வெயில் கொளுத்துகிற நம் ஊரில்கூட வைட்டமின் டி குறைந்து உடம்பெல்லாம் வலிக்கிறவர்கள் நிறைய. 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் காலையில் சுவரைப் பிடித்து நடந்தவர்களை நாமே பார்த்தோம். அப்போது மட்டும் யாரும் யாரையும் எப்படிப் படுத்தாய் என்று கேட்கவில்லை. தெருவே சேர்ந்து வலித்ததால் காரணம் பாயில் இல்லை என்று புரிந்தது. தனியாக ஒருத்திக்கு வலித்தால்தான் அந்தக் கேள்வி வருகிறது.

ஒரு வலியை மட்டும் நான் தனியே சொல்ல வேண்டும். 1986இல் எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் விடியற்காலையில் இடது தோளும் தாடையும் வலிக்கிறது என்று எழுந்தார். சட்டை போடாத உடம்பில் வியர்வை ஆறாய் ஓடியது. வாயுப் பிடிப்பு என்று பூண்டு சுட்டுக் கொடுத்தார்கள், சோடா கொடுத்தார்கள், தோளை உருவிவிட்டார்கள். முதல் பஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு அதிகாலையிலும் காலையிலும்தான் அதிகம் வரும் என்று இப்போது படிக்கிறேன். நெஞ்சில் வலிக்காமல் தோளிலும் கையிலும் தாடையிலும் மேல்முதுகிலும் மட்டும் வலிக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வெறும் மூச்சிரைப்பும் அசதியுமாகவே வந்துவிடலாம். திடீரென்று வந்த மேல்உடம்பு வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், மயக்கம் எது சேர்ந்தாலும் ஒத்தடத்துக்கு அடுப்பு மூட்டக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். பெரியப்பா காலத்தில் அது இல்லை. தமிழ்நாட்டுக்கு 2008இல்தான் வந்தது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிற 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் வந்தது. இத்தனை வந்த பிறகும் பூண்டு சுட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சாவுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் கைக்கு ஊசி போடலாம் என்றார் டாக்டர். அந்த மருந்து சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார். மாத்திரை, சாப்பாட்டில் மாற்றம், மாலையில் ஏரிக்கரை வரை நடை. வலது பக்கம் படுக்காமல், இடது பக்கமாகப் படுத்து, வலது கைக்குக் கீழே ஒரு தலகாணி வைத்து அணைத்துக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண். மாப்பிள்ளை அனுப்பிய தலகாணி அதற்கு உதவியது. பிறகு ஒரு பயிற்சி. சுவருக்கு முன்னால் நின்று, எறும்பு ஏறுவதுபோல விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்த வேண்டும். வலி தாங்குகிற உயரத்தில் நிறுத்தி, அங்கே பென்சிலால் ஒரு கோடு. எறும்பு என்று அவள் சொன்னதும், கொல்லையில் ஆயா தூவிய சாம்பல் எனக்கு நினைவு வந்தது. அதைச் சொல்லாமல் விரலை நகர்த்தினேன்.

முதல் கோடு என் மூக்குக்கு நேராக இருந்தது. ஆவணியில் நெற்றிக்கு வந்தது. தீபாவளிக்குத் தலைக்கு மேல் ஒரு சாண். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது, கோடு ஏறக்குறைய கையை முழுக்க நீட்டினால் எட்டுகிற உயரத்துக்கு வந்திருந்தது. அந்த வாரம் ஒருநாள் கிளிப்பை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனேன். கொண்டை விழுந்தது. கொஞ்சம் தளர்வாக, ஒருபக்கமாகச் சரிந்து. கண்ணாடியில் அதைப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த கொண்டையாக இருந்தது. அம்மா போய் 22 வருஷமாகிறது.

போன மாதம் மகள் போன் செய்தாள். "அம்மா, காலையில எழுந்தா கழுத்தும் தோளும் ஒரே வலி." வீட்டிலிருந்தே வேலை, மடியில் கணினி, இடுப்பில் குழந்தை. என் நாக்கு நுனிவரை அந்தக் கேள்வி வந்துவிட்டது. ஆயாவிடமிருந்து நான்கு தலைமுறையாக நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட கேள்வி. அதை விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"என்ன செய்ய முடியல, கண்ணு?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. குழந்தை எதையோ தட்டுகிற ஒலி மட்டும் கேட்டது.

"வண்டி ஓட்டும்போது வலது பக்கம் திரும்பிப் பாக்க முடியலம்மா," என்றாள். பிறகு, "குழந்தைய எடது இடுப்புல வச்சுக்கவே முடியல. ரெண்டு வாரமா அவரத்தான் தூக்கச் சொல்றேன். அவருக்கும் ஏன்னு தெரியாது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எல்லாத்தையும் சொல்லு," என்றேன்.